ரேவதி அக்கா பிடுங்கிய பிளக்

கொச்சியில் வைப்பின் தீவுக்குப் போகும் படகில் நின்றிருந்தபோது ரேவதி அக்கா இறந்த செய்தி கைப்பேசியில் வந்தது. அனுப்பியவர் எங்கள் மேலாளர். அலுவலகக் குழுவில் அக்காவின் படத்துக்கு மாலை போட்டு, "நம் நிறுவனத்தின் தூண்" என்று எழுதியிருந்தார். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது.

ஏன் என்று அக்காவுடன் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். மட்டாஞ்சேரியில் சுக்கு மண்டிக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். துறைமுகச் சரக்கு ஆவணங்களைப் பல சர்வர்களில் பிரித்து வைத்து, கேட்ட நொடியில் தேடித் தருவது தொழில். எத்தனை சர்வர் வேண்டும், புது ஆவணங்களை எவ்வளவு வேகத்தில் உள்ளே சேர்க்கலாம் என்று கணக்குப் போட்டவர் அக்கா. சோதனை முழு வேகத்தில் ஓடும்போது எழுந்துபோய் ஒரு சர்வரின் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். "ஒண்ணு போனாலும் மத்ததெல்லாம் அதோட பாரத்தைச் சுமக்கணுமாக்கும். அப்போ அளக்கறதுதான் வேகம், கேட்டியா?" என்பார் தன் பாலக்காட்டுத் தமிழில்.

புது அமைப்புக்கு அக்கா எட்டு சர்வர் கேட்டார். மேலாளர் ஐந்தோடு நிறுத்தினார். யாரும் தேடாத ஞாயிற்றுக்கிழமையில் வேகத்தை அளந்து, வாடிக்கையாளர்களிடம் பீற்றிக்கொண்டார். பிளக்கைத் தொடவே விடவில்லை. "சும்மா இருக்கச்சே எல்லாரும் வேகமாத்தான் ஓடுவா" என்று அக்கா அவர் முகத்துக்கு நேரே சொன்னார்.

புது அமைப்பு தொடங்கிய வாரமே ஒரு சர்வர் பழுதானது. அதன் பங்கு ஆவணங்களைத் தங்களுக்குள் மறுபடி நகலெடுக்கப் போய் மற்றவையும் திணறிப் படுத்துவிட்டன. துறைமுகத்தில் லாரிகள் காத்துக் கிடந்தன. கூட்டத்தில் மேலாளர் கூசாமல், "ரேவதி போட்ட கணக்கு தப்பு" என்றார்.

அக்கா எழுந்தார். "நான் போட்டது எட்டு. அஞ்சு உங்க கணக்கு."

மறுநாளே அவரைப் புகார் கேட்கும் மேசைக்கு மாற்றினார்கள். சில மாதங்களில் வேலையை விட்டார். எர்ணாகுளத்தில் அவர் எங்கே வேலை கேட்டுப் போனாலும் மேலாளர் முந்திக்கொண்டு அவரைப் பற்றித் தப்பாகப் பேசியிருப்பார். நான் இதை மன்னிக்கவில்லை. நீங்களும் மன்னிக்காதீர்கள்.

அடுத்த வாரம் மேலாளர் மறுபடியும் ஐந்தே சர்வர்களில் ஒரு புது அமைப்பை வாடிக்கையாளர்கள் முன் ஓட்டிக் காட்டப்போகிறார். அதற்கு அக்காவின் பெயரையே வைக்கிறாராம்! ஓட்டும் பொறுப்பு என்னுடையது. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு பழக்கம்தான். முழு வேகத்தில் ஓடும்போது எழுந்துபோய் ஒரு பிளக்கைப் பிடுங்குவேன். பெயர் அக்காவுடையது, கணக்கு இவருடையது என்று சத்தமாகச் சொல்வேன். இதைப் படித்துவிட்டு அவர் அவசரமாக இன்னும் மூன்று சர்வர் வாங்கட்டும். அப்போதும் பிடுங்குவேன்.