நிமிர்த்திப் பிடித்த போன்

போனை நிமிர்த்திப் பிடித்து வீடியோ எடுப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பெங்களூரில் ஒரு கம்பெனியில் வீடியோக்களை வெட்டி ஒட்டுவதுதான் என் வேலை. அப்படி எடுத்த படம் என் மேஜைக்கு வந்தால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். நடுவில் ஒரு சந்து போலப் படம் நிற்கும். மனிதனுக்குக் கண்கள் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன, மேலும் கீழுமாக இல்லை என்று பிறந்தநாள் வீடுகளிலும் சர்ச் வாசலிலும் பிரசங்கமே செய்திருக்கிறேன். யாராவது போனைத் தூக்கினால் போதும், கேட்காமலேயே போய்ப் படுக்க வைத்துவிட்டு வருவேன்.

என் மனைவி மட்டும் மசியவில்லை. காலை ரயிலில் எங்கள் ஊர் ஸ்டேஷன் கோரமண்டலில் ஏறினால், வாரத்தில் பாதி நாட்கள் நின்றுகொண்டேதான் பெங்களூர் போவாள். ஒரு கை மேலே கம்பியில், இன்னொரு கையில் போன்.

"கம்பிய விட்டுட்டு ரெண்டு கையால புடிக்கணுமா? இன்னா பேசறீங்க நீங்க?" என்பாள்.

சென்ற வருடம் என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஆண்டர்சன்பேட்டை சர்ச்சில் ஆராதனை. அப்பாவால் வர முடியாது என்பது முதலிலேயே தெரிந்துவிட்டது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் தங்கச் சுரங்கத்துக்குள் இருந்தவர் அவர். ஆட்களை ஏற்றிச் செல்லும் இரும்புக் கூண்டு, கேஜ், வந்து நிற்கும் இடத்தில், அதை ஏற்றவும் இறக்கவும் நிறுத்தவும் மேலே இருப்பவருக்கு மணி கொடுக்கிறவர். சுரங்கம் மூடிய பிறகும் கல்தூசி நெஞ்சிலேயே தங்கிவிட்டது. இப்போது மைசூர் மைன்ஸ் என்கிற சுரங்கக் குடியிருப்பு வீட்டில், ஆக்சிஜன் மெஷினுக்கு எட்டும் தூரம்தான் அவர் உலகம். இடது பக்கமாகச் சாய்ந்து படுத்தால்தான் மூச்சு வரும். நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவது வார்த்தைக்குக் காத்திருக்க வேண்டும்.

அம்மா இல்லை. தங்கையைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப்போக வேண்டியவர் அப்பா; அந்த இடத்தில் நான் நடக்க வேண்டியதாயிற்று. அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"அவ உள்ள... நடந்து வர்றத மட்டும்... பாத்தா போதும்."

அது என் துறை அல்லவா! உடனே களத்தில் இறங்கினேன். கட்டில் சட்டத்தில் மாட்டுகிற போன் ஸ்டாண்ட் ஒன்று வாங்கி, அப்பாவின் போனைப் படுக்கை வாட்டில் பொருத்தினேன். முந்தின நாள் சாயங்காலம் தங்கையைத் தெருவில் நடக்கவிட்டு வீடியோ காலில் ஒத்திகையும் பார்த்தேன்.

"எப்படிப்பா?" என்றேன்.

"நல்லா இருக்குதுபா," என்றார்.

அப்பா குறை சொல்லிப் பழகாதவர். சாம்பாரில் உப்பே இல்லையென்றாலும் நல்லா இருக்குது என்பவர். அதை எப்படி மறந்தேனோ தெரியவில்லை. அவர் சொன்னதை அப்படியே வாங்கிக்கொண்டு பூ வாங்கக் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் சர்ச்சில் கீபோர்டு ஆரம்பித்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். தங்கை என் கையைப் பிடித்திருந்தாள். எங்களுக்கு நாலடி முன்னால், எங்களைப் பார்த்தபடி, அப்பாவுக்கு வீடியோ கால் போட்டு, பின்பக்கமாகவே நடந்து போனாள் என் மனைவி. கையில் போன். அதை நிமிர்த்திப் பிடித்திருந்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை சொல்லியும் இன்றைக்குமா? பூச்செண்டு பிடித்த பெண்ணை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையால் இடுப்போரமாகச் சைகை காட்டினேன், படுக்க வை, படுக்க வை என்று. அவள் தலையை மட்டும் ஆட்டினாள், முடியாது என்று. போதாக்குறைக்கு முக்காட்டுக்கு உள்ளே ஒரு காதில் இயர்போன் வேறு. சர்ச்சில், கல்யாண ஆராதனையில்!

பாதி வழி போயிருப்போம். திடீரென்று அவள் நின்றுவிட்டாள். பாதையின் நடுவில் அசையாமல், போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு. மோதாமல் இருக்க நாங்களும் நிற்க வேண்டியதாயிற்று. பின்னால் வந்த சின்னப் பெண்கள் தங்கையின் முந்தானையில் முட்டிக்கொண்டார்கள்.

"நகரு," என்று பல்லைக் கடித்தேன்.

அவள் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினாள். கீபோர்டுக்காரர் வாசித்து முடித்த அடியை மறுபடி முதலிலிருந்து வாசித்தார். போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஊரே எங்களைப் பார்த்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எனக்கு ஒரு யுகம். பிறகு அவள் தன்பாட்டுக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தாள், நாங்களும் போய்ச் சேர்ந்தோம்.

ஆராதனை முழுக்க எனக்கு ஒரு வார்த்தையும் மண்டையில் ஏறவில்லை. வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்கிறேன் என்று மனசுக்குள் வசனம் தயாரித்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாடு முடிந்து, மணமக்களை ஆசீர்வாதம் வாங்க அப்பாவிடம் அழைத்துப் போனோம். உள்ளே நுழைந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது ஸ்டாண்ட்தான். கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அப்பா இடது பக்கம் சாய்ந்து படுத்தபடி, போனை வலது கையில் பிடித்திருந்தார். அவரோடு படுத்துக்கொண்டது போல அதுவும் சாய்ந்திருந்தது.

"ஸ்டாண்டு யாரு எடுத்தது?" என்றேன்.

"நான்தான்," என்றாள் மனைவி. "நேத்து நீங்க பூ வாங்கப் போனப்போ மாமா பாத்ரூம் போனாரு. அந்தக் கட்டில்ல அவர மாதிரியே படுத்துப் பாத்தேன். நீங்க வச்ச படம் செவுத்துல ஏறி நடக்கற மாதிரி தெரியுது. போன நம்மளோட சேத்துச் சாச்சு கையில புடிச்சா, படம் தானா திரும்பிக்குது. அதான், திரும்பாதபடி லாக் பண்ணிட்டு, கையிலேயே குடுத்துட்டேன். சாஞ்சவருக்கு அது நிமிந்த போனுதான், அப்ப நானும் நிமித்தித்தானே எடுக்கணும்? இல்லாட்டி பொண்ணு கட்டெறும்பு அளவுக்குத்தான் தெரிவா."

எத்தனை வருடமாகப் படம் பார்க்கிறவன் நான். பார்க்கிறவர் எப்படிப் படுத்திருக்கிறார் என்று ஒரு நிமிடம் அந்தக் கட்டிலில் படுத்துப் பார்க்கத் தோன்றவில்லையே. வெட்கமாக இருந்தது. அதற்கு மேலே, இவள் எனக்கு வாய்த்தாளே என்றும் இருந்தது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா?

"சரி, நடு வழியில எதுக்கு நின்ன? அத்தன பேரு முன்னால?"

அவள் கட்டில் பக்கம் திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா போனைத் திருப்பி, ஆட்காட்டி விரலால் அதன் முதுகில் ஒரு தட்டு தட்டினார். டொக். அவள் காதிலிருந்த இயர்போன் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. பேச மூச்சு இல்லாதவருக்கும் அவளுக்கும் நடுவில் அந்தத் தட்டுதான் ஒப்பந்தம். சுரங்கத்தில் அவர் கொடுத்த மணியைப் போலவே, ஒன்று கொடுத்தால் நில். இரண்டு கொடுத்தால் போ.

"ஒண்ணு குடுத்தேன்," என்றார் அப்பா. "நின்னுது. அவ்வளோ பேரும்... நின்னாங்க. தலையிலருந்து... கால் வரைக்கும்... முழுசா பாத்தேன்."

மூச்சு வாங்கிக்கொண்டார். தங்கை கட்டிலோரம் மண்டியிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் மூஞ்சி மட்டும்... கடுகடுன்னு இருந்திச்சி," என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எல்லாரும் சிரித்தோம். நான் சமாளிக்கப் பார்த்தேன். "அதுக்கில்லப்பா, அவ்ளோ நேரமா நிப்பாட்டறது? ஜனங்க இன்னா நெனப்பாங்க?"

அப்பா தங்கையின் தலையில் கை வைத்தார்.

"ரெண்டு குடுக்கத்தாம்பா... கை வரல."