வாளைத் தேடும் கை

நேற்று மதியம் சின்னவன் போனில் ஒரு கௌபாய் படம் பார்த்துக்கொண்டிருந்தான். துப்பாக்கியைக் கைவிட்டு மாடு மேய்க்கிற ஒருவனுக்குப் பின்னால் யாரோ கதவைத் திறக்க, அவனுடைய கை சட்டென்று இடுப்புக்குப் போனது. இடுப்பில் ஒன்றுமில்லை.

"இப்ப வெட்கத்தில சிரிப்பான் பார்," என்றேன். படத்தில் அவனும் அப்படியே சிரித்தான்.

"முதலே பாத்தனீங்களோ அப்பா?"

இந்தப் படத்தைப் பார்த்ததில்லை. அந்தக் கையைப் பார்த்திருக்கிறேன். அதை உங்கள் இரண்டு பேருக்கும் எழுதியே வைக்கிறேன். வாயால் சொல்லத் தொடங்கினால் மூத்தவள், சின்னவனின் அக்கா, காதில் வயரைச் செருகிவிடுவாள்.

சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து தலைநகருக்கு வந்து நான் தங்கியது வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில். சின்ன அறை, செல்வம் அண்ணையும் நானும். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். வெளியே போனால் பாலத்தடியில் ஆமிக்காரர் தார்ப் பீப்பாய்களை அடுக்கி வைத்து, சேட்டுப் பொக்கெற்றில் இருக்கும் அடையாள அட்டையைக் கேட்பார்கள். பிறந்த இடத்தைக் கண்டதும் ஓரமாக நிற்கச் சொல்வார்கள். இரண்டு தடவை ஏற்றிக்கொண்டு போய் அடுத்த நாள்தான் விட்டார்கள். அதோடு கொட்டாஞ்சேனையில் சேர்ந்திருந்த ஜப்பான் மொழி வகுப்பை நிறுத்திவிட்டு அறையிலேயே கிடந்தேன்.

வகுப்பு எதற்கென்றால், ஜப்பானில் பழைய கார் கழற்றும் இடமொன்றுக்கு ஆள் எடுக்க இருந்தார்கள். அங்கே போனால் இந்த அட்டையை யாரும் கேட்கமாட்டார்கள். எனக்கு வேறு ஆசையே இருக்கவில்லை.

மாளிகாவத்தையிலிருந்து சைக்கிளில் வீடியோ கசெட் வாடகைக்குக் கொண்டுவரும் முஸ்லிம் வியாபாரியை நானா என்று கூப்பிடுவோம். அவரிடம் ஜப்பான் மொழி பழக ஒரு படம் வேணும் என்றேன். பூஞ்சணம் மணக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்து நீட்டினார். "இத ஒருத்தரும் எடுக்கிறாங்க இல்ல தம்பி. நீங்களே வெச்சிக்கங்க."

படத்தில் ஒரு சாமுராய். எசமானை இழந்த வாள்வீரன். வாளை ஆற்றில் எறிந்துவிட்டு விறகு வெட்டிப் பிழைக்கிறான். ஆனாலும் எங்காவது ஒரு சருகு நொறுங்கினால் கை இடுப்புக்குப் போகும். கீழே ஓடும் இங்கிலீஷ் எழுத்தை அகராதியில் தேடித் தேடி, ஜப்பான் வசனம் முழுவதையும் பாடமாக்கினேன். அவனைப்போலவே அடித்தொண்டையில் உறுமவும் பழகினேன்.

செல்வம் அண்ணை ஊரில் கராஜில் வேலை செய்தவர். ஜப்பான் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. "டேய், நீ கார் கழட்டப் போறியோ, ஆக்களின்ர தலை கழட்டப் போறியோ?" என்பார். நான் போகிறேன் என்பதால்தான் அவரும் நேர்முகப் பரீட்சைக்கு வந்தார். இரண்டு பேரையும் ஒன்றாகவே கூப்பிட்டார்கள்.

உள்ளே ஒரு முதிய ஜப்பான்காரர். நான் கதிரை நுனியில் அமர்ந்து, முழங்கால்களில் முஷ்டியை ஊன்றி, தலை குனிந்து உறுமினேன்: போக்கிடம் இல்லாத அடியேன் தங்கள் வாசலில் நிற்கிறேன், இறக்கச் சொன்னால் இறப்பேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். சிரிப்பு அடங்கியதும் எழுந்து எனக்குத் தலை வணங்கினார். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகு மேசையிலிருந்த நட்டு ஒன்றைத் தூக்கிக் காட்டி ஏதோ கேட்டார். என் படத்தில் வாள் இருந்தது, மழை, குதிரை, மானம் எல்லாம் இருந்தன. நட்டு இருக்கவில்லை. முழிசினேன். செல்வம் அண்ணை எட்டி, அதற்குச் சரியான ஸ்பானரை எடுத்து நீட்டினார்.

அண்ணை ஜப்பான் போனார். "குறை நினைக்காத. உன்னாலதான் நானும் போய் நிண்டனான்," என்று என் தோளைப் பிடித்துச் சொன்னார். நான் அறைக்கு வந்து அந்தச் சுவரைப் பார்த்தபடி இருந்தேன்.

பிறகு அந்த விறகுவெட்டியை எத்தனை படங்களில் கண்டேன். தொப்பி போட்டு அமெரிக்காவில், மீசை வைத்து பம்பாயில், வேட்டி கட்டி மெட்ராஸில், போன வருசம் நீங்கள் எனக்குக் காட்டிய விண்வெளிப் படத்தில்கூட. ஜப்பான்காரரின் வாள்வீரர்களை இரவல் வாங்காத நாடே இல்லைப் போலிருக்கிறது. அவனிடம் மட்டும் ஒருவரும் விசா கேட்கவில்லை.

லொட்ஜ் இருந்த இடத்தில் இப்போது மாடிவீடுகள். நானாவின் சைக்கிள் மணி கேட்பதில்லை. கசெட்டின் நாடா ஒட்டிப்போய்விட்டது. பீப்பாய்களை எடுத்தும் வருசக்கணக்காகிறது. போன கிழமை அந்தப் பாலத்தால் நடந்து வரும்போது அக்கா கேட்டாள், "ஏனப்பா இந்த இடத்தில மட்டும் எப்பவும் சேட்டுப் பொக்கெற்றைத் தடவுறீங்கள்?"

போன் விழுந்திட்டுதோ என்று பார்த்தேன் என்றேன். போன் மற்றக் கையில் இருந்தது.