வுடு

என் தங்கை புருஷனின் விரல்களை நசுக்கியவன் நான். கை தவறி அல்ல, காது தவறியும் அல்ல... தெரிந்தே செய்தேன்!

இத்தனை வருடங்களாக எல்லோரிடமும் வேறு கதை சொல்லி வந்திருக்கிறேன். உங்களிடம் மட்டும் ஏன் உண்மையைச் சொல்கிறேன்? நீங்கள் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. என் தைரியம் அவ்வளவுதான்.

தொண்ணூறுகளில் மயிலாப்பூரில், தெப்பக்குளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், நானும் சேகரும் கார் ஷெட் நடத்தினோம். பலகையில் இருந்தது என் பெயர். வருகிறவர்கள் கேட்டதோ அவனை. தொழிலைக் கற்றுக்கொடுத்தவன் நான், தங்கை வசந்தாவைக் கட்டிக்கொடுத்தவனும் நான்... பிறகு என்னைத் தாண்டிப் போய் அவனிடம் பேசினால் வயிறு எரியாதா? எரிந்தது!

அந்தச் சமயத்தில்தான் பாட்டு டீச்சர் மாமியின் பழைய கார் வந்தது. முன்பக்க இடது சக்கரத்தில் சத்தம். நான் ஷாக் அப்சர்பரை மாற்றினேன். சத்தம் போகவில்லை. ரப்பர் புஷ்களை மாற்றினேன். அப்போதும் போகவில்லை. மாமி மறுபடியும் வந்து நின்றார்.

"ஆத்து வாசல் பள்ளத்துல எறங்கினாலே 'டொக்'குங்கறது. நீங்க சிரமப்படாதீங்கோ... சேகரையே பாக்கச் சொல்லிடுங்கோ."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.

மாமி வெளியே வேப்பமர நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார். ஷாக் அப்சர்பரைக் கழற்றிவிட்டு, காரை வேலைப் பள்ளத்தின் மேல் நிறுத்தினோம். சேகர் உள்ளே இறங்கினான். நான் பம்பரைப் பிடித்து ஆட்ட வேண்டும், அவன் கீழிருந்து ஒவ்வொரு பாகமாகக் கை வைத்து, எது தட்டுகிறது என்று பார்க்க வேண்டும். எப்போதும் அப்படித்தான்.

"ஆட்டு மச்சான்... இன்னும் கொஞ்சம்... ஐய! ஸ்பிரிங்கு உடைஞ்சிக்கீது! கடைசி வளையம். நீ இன்னாடான்னா ஷாக்க மாத்திக்கினு கீற. தலவலிக்குக் கால்ல தைலம் தேய்க்கிற ஆளு மச்சான் நீ!"

சிரித்தான். பள்ளத்துக்குள்ளிருந்து வந்த அந்தச் சிரிப்பு எனக்கு இன்றும் கேட்கிறது.

"வுடு, வுடு. வெரல உள்ள வச்சிக்கீறேன்" என்றான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். 'வண்டிய வுடு' என்றால் கிளப்பு. 'வுடு நைனா' என்றால் போதும், நிறுத்து. சொல் ஒன்றுதான். எதைச் சொல்கிறான் என்பதைக் குரல் காட்டிக்கொடுத்துவிடும். எனக்கும் காட்டிக்கொடுத்தது. அவன் நிறுத்தத்தான் சொன்னான்!

நான் பம்பர் மேல் ஏறி, முழு உடம்போடு குதித்தேன்.

வளையங்கள் ஒன்றன் மேல் ஒன்று அமுங்கின. எலும்பு நொறுங்கும் ஓசையை நான் கேட்டேன்... அவன் அலறினான். "வுடு மச்சான்! வுடு!"

இங்கேதான் நான் நின்றிருக்க வேண்டும். நின்றிருந்தால் என்னை நானே ஏமாற்றிக்கொண்டாவது பிழைத்திருப்பேன். ஆனால் அந்த அலறலுக்குப் பிறகு, இன்னொரு தடவை குதித்தேன்! உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் ஓடியது. ஆமாம், சந்தோஷம்தான். வேறு நல்ல பெயர் வைக்க எனக்கு வாய் வரவில்லை.

பள்ளத்தில் கிடந்த கழிவு ஆயிலில் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அவனை நான்தான் தூக்கினேன், நான்தான் ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் வசந்தா என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "இன்னாண்ணா ஆச்சு? சொல்லுண்ணா!"

"'வுடு'ன்னான்மா. நான் அமுக்கச் சொல்றான்னு நெனச்சிக்கினேன்."

பின்னாலேயே வந்திருந்த மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமாம்மா, 'விடு'ன்னு கத்தினது என் காதுலயும் விழுந்தது" என்றார். பாவம், அவருக்கு என்ன தெரியும்!

கட்டிலில் கிடந்த சேகர் என்னைப் பார்த்தான். இரண்டு தடவை அமுங்கியது அவனுக்குத் தெரியாதா? அவன் கைதானே! பிறகு வசந்தாவிடம் சொன்னான், "ஆமா. நான்தான் சரியா சொல்லல."

வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. ஸ்பேனர் பிடித்த கை அதோடு முடிந்தது. வசந்தா அவனுக்குச் சோறு பிசைந்து ஊட்டியதை நான் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். என் தட்டிலும் அவள்தான் போட்டாள், "நீ மனச வுட்றாதண்ணா" என்று.

அதற்குப் பிறகு ஷெட்டில் 'வுடு' என்று யாரும் சொல்லக்கூடாது, 'நிறுத்து' என்றுதான் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டேன். என்ன பொறுப்பான மனிதர் என்று என்னைப் புகழ்ந்தார்கள்!

போன வாரம் நான் பள்ளத்தில் இருந்தேன். வேறொரு கார், அதே மாதிரி சத்தம். ஆட்ட ஆள் இல்லை என்று, கல்லாவில் உட்கார்ந்திருந்த சேகர் எழுந்து வந்தான். ஸ்பிரிங்குக்குள் விரல்களை வைத்தேன். அவன் பம்பர் மேல் ஏறியது தெரிந்தது. கார் கொஞ்சம் தாழ்ந்தது.

"இன்னா மச்சான்," என்றான் மேலிருந்து. "வுடட்டா?"

'நிறுத்து' என்று சொல்லியிருக்கலாம். கையை எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். குதிடா... குதித்துத் தொலையேன்!

கார் மெல்ல உயர்ந்தது. அவன் இறங்கிவிட்டான்.

"மேல வா மச்சான். வசந்தா சோறு குடுத்தனுப்பிச்சிக்கீது."

விரல்களை வெளியே எடுத்தேன். ஐந்தும் இருந்தன.