இருபதாவது தாவலில் நின்ற நிரல்

ஒரு பிழையின் காரணம் தெரிந்துவிட்டால் அதனால் யாருக்காவது நன்மை உண்டா? விருத்தாசலத்தில் ஒரு சிறு பீங்கான் ஆலையில் கணினி வேலை பார்க்கும் கயல்விழியை நினைக்கும்போது இந்தக் கேள்விதான் வருகிறது.

பெரிய திறமைசாலி என்று சொல்ல மாட்டேன். கவனமானவர். தொழிலாளர்களின் மருத்துவ அட்டையை ஆண்டுதோறும் நலநிதி இணையதளத்தில் புதுப்பிக்க ஒரு நிரல் எழுதியிருந்தார். தளம் வேறு பக்கத்துக்குப் போகச் சொன்னால் நிரல் அங்கே தாவும். இருபது முறைக்கு மேல் அலைக்கழித்தால் நின்றுவிடும்.

இந்த ஆண்டு, கெடுவுக்கு மூன்று நாள் இருக்கையில், நின்றது. முகப்புப் பக்கம் உள்நுழையச் சொன்னது; உள்நுழைந்ததும் இன்னொரு பக்கம் முகப்புக்கே அனுப்பியது. வரம்பை எடுத்துவிட்டால் எப்போதாவது போய்ச் சேராதா என்று கேட்டார் முதலாளி கோதண்டபாணி. எத்தனை சுற்றினாலும் அதே சுற்றுதான் என்றார் கயல்விழி. கையால் புதுப்பிக்கவோ வேறு கணினியில் முயலவோ வழியில்லை; ஆலையின் மின்கையெழுத்து இந்தக் கணினியில், இந்த நிரலுக்குள் மட்டுமே இருந்தது. உதவி எண்ணில், தளம் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

களிமண் தூசியில் நுரையீரல் கெட்ட தொழிலாளி பெரியம்மாளுக்கு அந்த அட்டையை நம்பித்தான் மருந்து. தவறினால் ஓராண்டுக்குக் கிடையாது.

"நல்லூரு பஸ்ஸு கூட என்ன வூட்டாண்ட எறக்கி வுட்டுடுது கண்ணு. உன் பொட்டி சுத்திச் சுத்தி இங்கயே வுடுது" என்றார் அவர்.

கெடு முடிந்த மறுநாள் காரணம் கிடைத்தது. உள்நுழைந்தவருக்குத் தளம் ஓர் அடையாளச் சீட்டு தரும். இந்த ஆண்டு முதல் அதற்கு அரை மணி நேரமே ஆயுள். ஆலைக் கணினியின் கடிகாரமோ நாற்பது நிமிடம் முன்னே ஓடியது. சீட்டு காலாவதியானது என்று நிரல் கையில் வாங்கும்போதே எறிந்தது. சீட்டில்லாததால் தளம் மறுபடி உள்நுழையச் சொன்னது.

கடிகாரத்தை அப்படி வைக்கக் கேட்டவர் பெரியம்மாள்தான். ஆலை மணி அந்தக் கணினி சொல்லித்தான் அடிக்கும்; ஆறு மணிக்கு விட்டால் நல்லூர் பஸ் போய்விடும். "எங்கப்பா வச்ச நேரத்த மாத்த மாட்டேன். வேணும்னா கடிகாரத்த மாத்திக்கோங்க" என்று அப்போது சிரித்தார் கோதண்டபாணி. அதற்கு ஐந்து வருடமாகிறது. எல்லோரும் மறந்துபோனார்கள்.

கயல்விழி கடிகாரத்தைச் சரியாக்கிப் பார்த்தார். மூன்றே தாவலில் நிரல் உள்ளே போனது. புதுப்பிக்கும் காலம் முடிந்தது என்ற பக்கம் வந்தது.

பெரியம்மாள் வாசலில் நின்று, எதனால் இப்படி ஆனது என்று கேட்டார்.

"நான் எழுதுனதுலதான் தப்பு, யக்கா."

முதலாளியிடமும் அதையே சொன்னார். பிறகு உட்கார்ந்து, கடிகாரத்தை மறுபடியும் நாற்பது நிமிடம் முன்னே தள்ளி வைத்தார்.