ரிம்மாவின் வரிசை

எங்கள் ஊர் பெட்ரோல் பங்கில் வரிசை வைத்தது அரசாங்கம் இல்லை, ரிம்மாதான். யாரும் அவளைக் கேட்கவில்லை. ஆற்றோரத்துப் பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலையை எதிரி நாட்டு ட்ரோன்கள் இரண்டாம் முறை எரித்த வாரம் பங்கில் அடிதடியாகி ஒருவனுக்கு மண்டை உடைந்தது. மறுநாள் காலை அவள் ஒரு மார்க்கர் பேனாவோடு வந்து நின்று, வந்தவர்களின் உள்ளங்கையில் எல்லாம் எண் எழுதினாள். ஆளுக்கு இருபது லிட்டர். எண் அழிந்துபோனால் கடைசிக்குப் போக வேண்டும். பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் கரண்டி பிடித்தவள். அந்தக் கரண்டியில் சாப்பிட்டு வளர்ந்த பாதி ஊர் அவளை எதிர்த்துப் பேசுமா?

நான் தல்காத், சவ வண்டி ஓட்டுகிறவன். பழைய சிறிய பஸ், பின்பக்கம் பெட்டி வைக்க இடம். ஆம்புலன்சுக்கும் சாவுக்கும் வரிசை கிடையாது என்று ரிம்மாவே சொல்லியிருந்தாள். சலுகை என்று ஒன்று இருந்தால் அதைத் தின்ன ஒருவன் வராமல் இருப்பானா? வெளியூர் வேன் ஒன்று சவப்பெட்டியோடு நேராக முன்னால் வந்தது. ரிம்மா மூடியைத் தட்டிப் பார்த்தாள். சந்தேகம் வந்து திறக்கச் சொன்னாள். உள்ளே முழுக்க பிளாஸ்டிக் கேன்கள். வரிசையே கைதட்டியது, நானும் தட்டினேன். அன்றிலிருந்து சட்டம்: பெட்டியோடு வருகிறவர்கள் திறந்து காட்ட வேண்டும்.

அடுத்து மாட்டியவன் டயர் கடை அர்காதி. என் வண்டியில்தான் வந்தான். பெட்டியில் அவன் அம்மா.

"இத்தனை பேர் முன்னாடி எங்கம்மாவைக் காட்டணுமா அத்தை?"

"நான் என்ன அவங்களை எழுப்பவா சொன்னேன்? மூடியைத் தூக்கு."

தூக்கினான். ரிம்மா கிழவியின் முகத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு "சரி, போ" என்றாள். அவள் கணவர் வெனியமின் டீ பிளாஸ்கோடு பக்கத்தில் நின்றிருந்தார். ஆலையில் வேலை பார்ப்பவர், அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷர்.

"இது பாவம் ரிம்மா" என்றார்.

"நெசமான சாவுன்னா காட்டுறதுக்கு என்ன பயம்?"

அன்றைக்கு அவளை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

ட்ரோன்கள் மூன்றாம் முறை வந்தபோது வெனியமின் ஷிப்டில் இருந்தார். ஆலைக்காரர்கள் திருகாணி போட்டு இறுக்கிய பெட்டியைக் கொண்டுவந்து வீட்டில் இறக்கி, திறக்கக் கூடாது என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார்கள். சொந்தக் கிராமத்தில் அம்மா பக்கத்தில் படுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ரிம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். கிராமம் தொண்ணூறு கிலோமீட்டர். என் டேங்கில் இருந்தது பங்குவரை போகத்தான் காணும்.

"ஆலையிலயே கேக்க வேண்டியதுதானேக்கா?" என்றேன்.

"கேட்டேன். எரிஞ்சது போக மிச்சம் ராணுவத்துக்காம்."

கிராமத்தில் வெனியமினின் தம்பி காலையிலேயே ஆள் வைத்துக் குழி வெட்டிவிட்டான். வெட்டிய குழியை அந்த ஊரில் இரவு காலியாக விடமாட்டார்கள். விட்டால் அது அந்த வீட்டில் இன்னொரு ஆளைக் காவு கேட்கும் என்பார்கள். இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

பங்கில் கறுப்பு முக்காட்டோடு அவள் இறங்கியதும் எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். பெட்ரோல் போடுகிற பெண் குழாயைக் கையில் எடுத்தும்விட்டாள். அப்போதுதான் அர்காதி வண்டிகளுக்கு நடுவிலிருந்து வந்தான்.

"தொறந்து காட்டுங்க அத்தை. நெசமான சாவுன்னா என்ன பயம்?"

"நீயெல்லாம் மனுஷனாடா?" என்றேன். "தொறக்கக் கூடாதுன்னு எழுதியே வாங்கியிருக்காங்க."

"எங்கம்மாவுக்கு மட்டும் தொறந்தாங்கல்ல?"

ரிம்மா என் பக்கம் திரும்பினாள். "தல்காத், திருப்புளி எடு."

"வேணாம்க்கா."

"எடுன்னா எடு. நான் போட்ட சட்டம்."

கழற்றினேன். என் கை விளங்காமல் போயிருக்கலாம். மூடியைத் தூக்கினால் மேலே மடிப்புக் கலையாத ஒரு புது வேலைச் சட்டை, கடைச் சீட்டுகூடப் பிய்க்கவில்லை. அதற்குக் கீழே மணல் மூட்டைகள். ரிம்மா முழங்கை வரை உள்ளே விட்டாள். பெரிய அண்டாவில் விழுந்த கரண்டியைத் துழாவுவது போல மூட்டைகளுக்கு நடுவில், மூலை மூலையாகத் தேடினாள். வெகுநேரம் தேடினாள்.

"இதுல அவர் இல்ல" என்றாள்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்ப காலிப் பெட்டிதானே? கடைசிக்குப் போகச் சொல்லு." எவனோ சிரித்தான். எவன் என்று இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அர்காதியின் முகம் வெளுத்துவிட்டது. "நீங்க முன்னாடி போங்க அத்தை. நான் ஏதோ ஆத்திரத்துல... போங்க."

"சும்மா இருடா. காலிப் பெட்டின்னா வரிசைதான்."

கோட்டுப் பையிலிருந்து மார்க்கரை எடுத்து அவன் கையில் திணித்து, உள்ளங்கையை நீட்டினாள். மணல் ஒட்டியிருந்ததால் மை பிடிக்கவில்லை. பாவாடையில் துடைத்துவிட்டு மறுபடி நீட்டினாள். அவன் அழுதுகொண்டே எழுதினான்.

பஸ்ஸைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அந்தி சாய்கிற நேரம், எங்களுக்கு முன்னால் சில வண்டிகளே இருக்கையில், பெட்ரோல் தீர்ந்தது என்று பலகையை மாட்டிவிட்டார்கள். யாரும் எங்கள் பக்கம் பார்க்காமல் கலைந்து போனார்கள். ரிம்மா பெட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கிராமத்திலிருந்து தம்பி போன் செய்தான். இருட்டிக்கொண்டு வருகிறது, குழி வெட்டினவர்கள் வீட்டுக்குப் போகப் பார்க்கிறார்கள், மண்ணைத் தள்ளி மூடிவிடச் சொல்லட்டுமா என்று கேட்டான்.

"மூட வேணாம் தம்பி" என்றாள். "ராத்திரி அப்படியே கெடக்கட்டும். ஆள் கேக்கும்னா கேக்கட்டும். நான் இருக்கேன்ல."