தானாகச் சுடும் பொத்தான்

கேம்ப் கடைத்தெருவில் மூடிக்கிடந்த ஒரு கேம் பார்லரிலிருந்து அந்தப் பழைய வீடியோ கேம் பெட்டியை என் கணவர் டெம்போவில் ஏற்றி வந்தபோது, வாசலிலேயே நின்று திட்டினேன். பெட்டி ஆள் உயரம் இருந்தது. கட்கியில் இரண்டு அறை வீடு எங்களுடையது, இதை எங்கே வைப்பது? அடிப்பலகை மழைத்தண்ணீர் குடித்து உப்பியிருந்தது. ஒயர்களை எலி கடித்திருந்தது. பிம்ப்ரி ஃபாக்டரியில் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அவர் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். உப்பிய பலகையை அறுத்துவிட்டுப் புது பிளைவுட் வைத்தார். பிக்சர் டியூபில் வெளிச்சம் வந்த அன்று என் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினார்.

பிறகு ஸ்ட்ரோக் வந்தது. வலது கை போயிற்று. பேச்சில் நாலைந்து வார்த்தைகள்தான் மிஞ்சின. நான் ஊட்டினேன், சட்டை மாட்டினேன், அவர் தொடங்கிய வாக்கியத்தை நானே முடித்தேன். பின்கதவு திறந்தபடி மூலையில் நின்ற பெட்டியின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. எதற்காகவாவது இந்த மனிதர் எழுந்து வரவேண்டும் என்று தவித்தேன்.

எனக்கு ரஞ்சன்காவ் ஃபாக்டரியில் ஒயர் பற்றவைக்கும் சால்டரிங் லைனில் வேலை. அவர் விட்ட வேலையை ஞாயிற்றுக்கிழமைகளில் நானே முடித்தேன். ஆனால் அதில் ஆட இரண்டு கை வேண்டும். இடது கை குச்சியைப் பிடித்துத் திரையில் வரும் கப்பலை நகர்த்தும், வலது கை பொத்தானை அழுத்திச் சுடும். எங்கள் லைனில் கை ஒரு தடவை வீணாக அசைந்தால் போதும், சூப்பர்வைசர் வந்து நின்றுவிடுவார். அந்த அசைவே தேவைப்படாதபடி எதையாவது பொருத்திவிட்டுத்தான் நகர்வார். எனக்கும் அந்தப் புத்திதான் வந்தது. பொத்தானுக்குப் போகும் ஒயரில் ஒரு சின்ன சர்க்யூட்டைச் சேர்த்தேன். இனிக் குண்டு தானாகவே போகும், அவர் குச்சியை மட்டும் அசைத்தால் போதும். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவரை உட்காரவைத்து சுவிட்சைப் போட்டேன். குச்சியைப் பிடித்தார். கப்பல் நகர்ந்ததும் முகம் மலர்ந்தது. கொஞ்ச நேரத்தில் கவனித்துவிட்டார். குச்சியிலிருந்து கையை எடுத்தார். கப்பல் நின்ற இடத்திலிருந்தே சுட்டுக்கொண்டிருந்தது, ஸ்கோரும் ஏறிக்கொண்டிருந்தது. அதைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு குனிந்து பிளக்கைப் பிடுங்கினார்.

"ஒத்தக் கையால எப்டிங்க ஆடுவீங்க? உங்களுக்காகத்தானே பண்ணேன்?" என்றேன்.

அவர் வாய் திணறியது. முடித்துக்கொடுக்க என் நாக்கு துறுதுறுத்தது.

"நானே," என்றார்.

அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். சப்பாத்தியைத் தட்டில் எறியாத குறை. பாத்திரம் தேய்க்கும்போதுதான் அழுகை வந்தது. அவர் செய்வதற்கென்று இந்த வீட்டில் நான் எதை விட்டுவைத்திருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த ஞாயிறு சர்க்யூட்டைக் கழற்றினேன்.

இப்போது சாயங்காலங்களில் ஆடுகிறார். குச்சியை விட்டுவிட்டு அதே இடது கையால் எட்டிப் பொத்தானை அழுத்த வேண்டும். கை குச்சிக்குத் திரும்புவதற்குள் கப்பல் வெடித்துவிடும். மறுபடி தொடங்குவார், மறுபடி வெடிக்கும். அவருடைய வலப்பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பொத்தான் எனக்குக் கைக்கெட்டும் தூரம். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் அமுக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.