வரைபடத்தில் ஒரு மாட்டுத் தொட்டி

அந்த ஆட்டுக்காரர் என் பேச்சை நம்பவில்லை. கையிலிருந்த ஃபோனைத்தான் நம்பினார்.

"இதோ, நீலமா இருக்கு பாரு. ஏரி," என்றார், பாதி தெலுங்கும் பாதி கன்னடமுமாக. அவருடைய மந்தை நந்திதுர்க் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் பேருந்து ஹார்ன் அடித்து ஓய்ந்துபோயிருந்தது.

"ஏரி இல்லண்ணா. டம்ப் தண்ணி."

"இருக்கட்டுமே. என் ஆடு குடிச்சா உன் தண்ணி குறைஞ்சிடுமா?"

டம்ப் என்றால் தங்கம் பிரித்த பிறகு சுரங்கம் கொட்டிவிட்டுப் போன தூள் மலை. சயனைடு கலந்த தூள். மழை பெய்தால் அடிவாரத்தில் குட்டை கட்டும். சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் பிறந்த எங்களுக்கு அதை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ, வரைபடத்தில் எழுதவும் யாருக்கும் தோன்றவில்லை. வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து எங்கோ இருந்த ஒருவர் அதை ஏரி என்று வரைந்துவிட்டார்.

மந்தையைச் சாலையோரம் நிறுத்தச் சொல்லி, அவரை மட்டும் குட்டைக்குக் கூட்டிப்போனேன். அவர் தண்ணீரைப் பார்க்கவில்லை, கரையைப் பார்த்தார். ஒரு புழுக்கை இல்லை, ஒரு குளம்புத் தடம் இல்லை. மந்தையிடம் திரும்பி நடந்தார். பங்காருபேட்டை சாலையில் ஒரு போர்வெல் பக்கத்தில் மாட்டுத் தொட்டி இருப்பது எனக்குத் தெரியும். அங்கே கொண்டுபோய் விட்டேன். ஆடுகள் முட்டி மோதிக் குடித்தன.

"அடுத்த கோடையும் இந்த வழிதான். அப்பவும் நீ ரோட்ல நிப்பியா?" என்று கேட்டார். என் நம்பரை வாங்கிக்கொண்டார்.

நான் எங்கும் நிற்கிற ஆள் இல்லை. ஒன்பதாவது படிப்பைப் பாதியில் விட்டுக் கிளம்பினவன். லாரி கிளீனர், பந்தல் வேலை, கேபிள் புதைக்கிற குழி என்று சுற்றி, அப்போது இதே சுரங்க ஊரின் பாலகாட் பகுதியில் அக்கா வீட்டு முன்னறையில் படுத்துக்கொண்டிருந்தேன். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய அந்த வரைபடத்தில் தண்ணீர் கிடைக்கும் இடங்களைக் குறிக்கும் பழக்கம் ஊர் ஊராக நடந்தபோது வந்தது. காசில்லாமல் நடப்பவனுக்குச் சோற்றைவிடத் தண்ணீர் முதலில் வேண்டும்.

அன்றே அந்த நீலத்தை அழித்தேன். மறுநாள் திரும்பி வந்திருந்தது. மறுபடி அழித்தேன். மறுபடி வந்தது, கூடவே ஒரு செய்தியும்: காரணம் சொல்லாமல் அழிக்க வேண்டாம்.

எழுதியவள் பங்காருபேட்டைக்காரி. பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய் வருகிறவள், ஓய்வு நேரத்தில் இந்தப் பக்கத்து நீர்நிலைகளையெல்லாம் ஒரே விதிக்குள் கொண்டுவரப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டேஷன் டீக்கடையில் சந்தித்தோம். நான் சண்டைக்குத்தான் போனேன்.

"அங்க தண்ணி இருக்கா இல்லையாண்ணா?"

"இருக்கு. குடிக்கத்தான் முடியாது."

"அழிச்சா வெறும் தரைன்னு காட்டும். தெரியாதவன் நேரா நடந்து சேத்துல இறங்குவான். பரவாயில்லையா?"

ஃபோனை அவள் பக்கம் தள்ளினேன். சுரங்கக் கழிவுக் குட்டைக்கென்றே தனி டேக், அதாவது இது இன்ன இடம் என்று குறிக்கும் வகைப்பெயர், இருப்பதை அவள் காட்டினாள். மாற்றினோம்.

"இன்னாம்மா, இன்னும் நீலமாவே இருக்கு?"

"டேக் நம்ம கையில. கலர் நம்ம கையில இல்ல. உங்க ஆட்டுக்காரருக்கு எது தேவை? அந்தக் குட்டை தெரியக்கூடாதா, இல்ல நல்ல தண்ணி தெரியணுமா?"

நல்ல தண்ணீரைத் தேடினால் வரைபடம் உளறியது. ஒரே மாதிரித் தொட்டியை ஒருவர் டேங்க் என்றிருந்தார், ஒருவர் குழாய் என்றிருந்தார், நான் கிணறு என்று போட்டிருந்தேன். கால்நடை தண்ணீர் குடிக்கும் இடம் என்று ஒரு டேக் இருந்தும் இந்தப் பக்கத்தில் யாரும் அதைத் தொடவில்லை. எல்லோரும் அந்த ஒன்றையே போட்டால், ஒரு தேடலில் எல்லாத் தொட்டியும் வரும்.

"மாத்தலாம். ஆனா நேர்ல பாக்காம ஒண்ணும் மாத்தக்கூடாது," என்றாள்.

"பாக்க நான் இருக்கேன். மாத்த நீ இரும்மா."

அந்த வருஷம் முழுக்க நடந்தேன். கிடைத்த கூலிவேலையைச் செய்துகொண்டு, மிச்ச நேரத்தில் ஊர் ஊராகப் போனேன். ஒவ்வொரு தொட்டியாகப் படம் எடுத்து அனுப்பினேன். உடைந்ததை நீக்கினோம். சில ஊரில் திருடன் என்று விரட்டினார்கள். சில ஊரில் சாப்பாடு போட்டார்கள். எங்காவது கிளம்பிவிடலாம் என்று கால் அரித்தது. கோடை வரட்டும் என்று இருந்தேன்.

கோடையில் ஆட்டுக்காரர் ஃபோன் செய்தார். "முள்பாகல் தாண்டிட்டேன். நீ சொன்ன மாதிரி தேடினேன், நிறைய தொட்டி காட்டுது. முதல்ல வர்றதுக்கு ஓட்டிட்டு வரேன்."

எது என்று கேட்டு அங்கே ஓடினேன். தொட்டி காய்ந்து கிடந்தது. அடியில் பாசி வெடித்திருந்தது, ஓட்டையை அடைத்திருந்த துணி காணாமல் போயிருந்தது. பக்கத்தில் துணி துவைக்கக் கரண்டுக்காகக் காத்திருந்த ஒரு அம்மாவிடம் கேட்டேன்.

"மத்தியானம்தான் மோட்டார் ஓடும். உனக்கென்ன, மாடா இருக்கு?"

"மேப்ல தண்ணி இருக்குன்னு போட்டுட்டேன்மா. அதை நம்பி ஆடு வருது."

"போட்டவன் நீதானே? அப்ப நீயே ரொப்பு," என்று சிரித்தாள். ஆனாலும் தேங்காய் நாரும் ஒரு பழைய புடவைத் துண்டும் கொடுத்தாள்.

தொட்டியைத் தேய்த்தேன். ஓட்டையை அடைத்தேன். கரண்ட் வந்ததும் அந்த அம்மாவே மோட்டாரைப் போட்டாள். தண்ணீர் பாதிக்கு ஏறியபோது சாலையில் தூசி தெரிந்தது. அவர் என்னைப் பார்த்து, "மறுபடி ரோட்லயே நிக்கிறியா?" என்று சத்தம் போட்டார்.

ஆடுகள் குடித்துக்கொண்டிருந்தபோது, ஈரக் கையோடு பங்காருபேட்டைக்காரிக்குச் செய்தி அனுப்பினேன்: "மத்தியானம் மட்டும் தண்ணி. இதுக்கு என்ன டேக்?"